வடித்தலும் திருத்தலும்
லினக்ஸ் கட்டளைக் கருவிகள் பற்றிய ஒரு பாடம்

எம் அன்னையர் உலையில் அரிசியிடுமுன் செய்த வேலைகளைச் சற்று நினைவுகூர்வோமாக. சுளகிலே புடைத்து உமியைப் போக்கினர். அரிக்கன்சட்டியிலே அரித்துக் கல்லை நீக்கினர். மாவாயின் அரிதட்டிலே அரித்துக் கப்பியைப் பிரித்தனர். சுளகு கல்லை நீக்காது. அரிக்கன்சட்டி மாவைப் பிரிக்காது. ஒவ்வொன்றும் தனக்குரிய தொழில் ஒன்றையே செய்தது. அவை கையிலிருந்து கைக்கு மாறி ஒன்றன்பின் ஒன்றாய்த் தொழிற்பட்டமையாலேயே உண்பார் பல்லிற் கல் அகப்படவில்லை.

எழுத்தாலாகிய கோப்புக்களை வடிப்பதற்கும் திருத்துவதற்கும் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தில் அமைந்துள்ள சிறு கருவிகளும் இத்தன்மையனவே. விழா மலர் தொகுக்கும் பணியிலும் பழைய மாணவர் பதிவேட்டை ஒழுங்குசெய்யும் பணியிலும் அவற்றை நாம் கையாண்டோம். அவற்றால் அடைந்த நன்மை பெரிது. எமது அவசரத்தால் அடைந்த இன்னலும் சிறிதன்று. இரண்டையும் ஒருங்கே எடுத்துரைப்பது, இனி இத்தகைய பணியை மேற்கொள்ளும் இளைய மாணவர்க்கு உதவும் எனக் கருதி இப்பாடத்தை எழுதுகின்றோம்.

கட்டளைகளின் பெயர்களை ஈண்டு ஒலிப்புவழித் தமிழில் எழுதியுள்ளோம். கணினியிலே அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துக்களால் தட்டல் வேண்டும். தேடப்படும் சொல்லும் கோப்பின் பெயரும் தமிழிலேயே இருக்கலாம். லினக்ஸ் அதற்குத் தடை சொல்லாது.

கருவிகள் பிறந்த வரலாறு

இக்கருவிகளின் பிறப்பிடம் அமெரிக்காவின் நியூஜேர்சி மாநிலத்தில் அமைந்த பெல் ஆய்வுகூடமாகும். அங்கே 1969 ஆம் ஆண்டில் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி என்போரும் அவர்தம் தோழரும் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை ஆக்கத் தொடங்கினர். அதற்கு ஐந்தாண்டு முன்னரே, 1964 இல், அவ்வாய்வுகூடத்து டக்ளஸ் மக்கில்றோய் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாய்த் துண்டுகளை ஒன்றோடொன்று திருகிப் பொருத்துவதுபோல, கணினி நிரல்களையும் பொருத்துதற்கு ஒரு வழி வேண்டும் என்பது அதன் கருத்து. 1973 இல் தொம்சன் அவ்வழியை யூனிக்ஸிலே அமைத்தார். ஒரு நிரலின் வெளியீடு அடுத்த நிரலின் உள்ளீடாகப் பாயும் அவ்வழிக்குக் குழாய் என்றே பெயர். நெடுங்கோடு ஒன்று அதன் குறியாகும்.

தேடும் கருவியாகிய கிறெப் பிறந்த கதை இலக்கிய ஆராய்ச்சியோடு தொடர்புடையது. 1787, 1788 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து ஹமில்ரன், மடிசன், ஜே என்னும் மூவர் ஒரே புனைபெயரில் 85 கட்டுரைகள் எழுதினர். அவற்றுட் சிலவற்றை எழுதியவர் யாவர் என்பது நெடுங்காலம் தீராத வினாவாயிருந்தது. பெல் ஆய்வுகூடத்து லீ மக்மாஹன் சொல்லாட்சியைக் கொண்டு அதனை ஆராய விரும்பினார். ஆயின் அக்கட்டுரைத் தொகுதி, அக்காலத்து யூனிக்ஸின் பதிப்புக் கருவியாகிய ஈ-டியின் கொள்ளளவுக்கு மிஞ்சியதாயிருந்தது. ஈ-டியினுள் இருந்த தேடும் ஆற்றலை மாத்திரம் தொம்சன் பிரித்தெடுத்துத் தனிக் கருவியாக்கித் தந்தார் என்று அவர்தம் தோழர் பிறையன் கேர்னிகன் கூறுவர். எங்கும் இக்கோலத்தைத் தேடு, கண்ட வரியை அச்சிடு என ஈ-டிக்கு இடும் கட்டளையின் எழுத்துக்களே கிறெப் என்னும் பெயராயின.

அந்த மக்மாஹனே பின்னர் செட் என்னும் திருத்தும் கருவியை ஆக்கினார். 1977 இல் ஆஹோ, வைன்பேர்கர், கேர்னிகன் என்னும் மூவரும் ஆக்கிய கருவி, அவர்தம் பெயர்களின் முதலெழுத்துக்களால் ஓக் எனப்பட்டது. 1983 இல் றிச்சட் ஸ்ரோல்மன் அறிவித்த குனூ இயக்கத்தார் இக்கருவிகளை எவரும் கட்டற்றுப் பயன்படுத்துமாறு புதிதாக எழுதினர். 1991 இல் பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் ரோர்வால்ட்ஸ் லினக்ஸின் கருவை வெளியிட்டார். இவ்விரண்டும் இணைந்ததே இன்று நாம் பணமின்றிப் பெறும் லினக்ஸ் தொகுதியாகும்.

கோப்பும் வரியும்

இக்கருவிகள் பெரும்பாலும் வரியையே அலகாகக் கொள்வன. ஆகவே ஒரு செய்திக்கு ஒரு வரி என அமைந்த கோப்பு இவற்றுக்கு மிகவும் இசைவானது. பதிவு என்னும் பெயருடைய கோப்பொன்றில் கல்லூரியிற் சேர்ந்த ஆண்டு, சேர்விலக்கம், ஊர் ஆகியன காற்புள்ளியாற் பிரிக்கப்பட்டுப் பின்வருமாறு இருப்பதாகக் கொள்வோம்.

1952,118,கொக்குவில்
1954,203,கொழும்பு
1957,341,நீர்வேலி
1961,412,கொழும்பு
1961,430,
1963,502,அச்சுவேலி
1968,677,திருநெல்வேலி

கொழும்பில் வாழ்வோரை அறிய விரும்பின்,

கிறெப் 'கொழும்பு' பதிவு

என்று கட்டளையிட, அச்சொல் உள்ள இரண்டு வரிகளும் திரையில் தோன்றும். கிறெப் என்பதன் பின் -வி என்னும் தெரிவைச் சேர்ப்பின், அச்சொல் இல்லாத ஏனைய ஐந்து வரிகளும் தோன்றும். -சி என்பதைச் சேர்ப்பின் வரிகள் தோன்றா. அவற்றின் தொகை மாத்திரம் தோன்றும். -என் என்பது வரியின் எண்ணையும் உடன் தரும்.

சொல்லைத் தேடுவதோடு கிறெப்பின் ஆற்றல் அமையவில்லை. வரியின் தொடக்கத்தைக் குறிக்க ^ என்னும் குறியும், முடிவைக் குறிக்க $ என்னும் குறியும் உண்டு. '^196' என்று தேடின் அறுபதுகளிற் சேர்ந்தோர் நால்வரும் வருவர். '^196[0-4]' என்று தேடின் அப்பத்தாண்டின் முற்பகுதியிற் சேர்ந்த மூவர் மாத்திரம் வருவர். பகர அடைப்புள் நிற்பவற்றுள் யாதேனும் ஒன்று பொருந்தலாம் என்பது அதன் கருத்து. 'வேலி$' என்று தேடின் நீர்வேலியும் அச்சுவேலியும் திருநெல்வேலியும் ஒருங்கே வந்து நிற்கும். ',$' என்று தேடின் காற்புள்ளியோடு முடியும் வரி வரும். அஃதாவது ஊர் எழுதாது விடப்பட்டவர் வரி. விடுபட்டோரைக் கண்டுபிடிப்பதற்கு இதனினும் எளிய வழியை நாம் அறியோம்.

இத்தகைய குறிகளால் அமைவதைத் தேடற்கோலம் என்போம். ஒற்றைப் புள்ளி தேடற்கோலத்தில் யாதேனும் ஒரு குறிக்கு ஈடாக நிற்கும். இப்புள்ளியை மாணவர் நன்கு நினைவிற் கொள்க. இதனால் நாம் பட்ட பாட்டைப் பின்னர்க் கூறுவோம்.

விண்டோஸ் கணினியில் எழுதப்பட்ட கோப்பாயின் ஒரு தடை நேரலாம். அங்கே வரியின் இறுதியிற் கண்ணுக்குத் தோன்றாத குறியொன்று கூடுதலாக நிற்கும். அதனால் 'வேலி$' என்னும் கோலம் பொருந்தாது போகும். வேலியென முடியும் ஊரொன்றும் இல்லையெனக் கணினி காட்டும்.

ரி-ஆர் -டி '\ஆர்' < பதிவு > பதிவு-தூய

என்னும் கட்டளை அக்குறியைக் களைந்து புதிய கோப்பொன்றைத் தரும்.

குழாய்வழி

ஒவ்வோர் ஊரிலும் எத்தனை பேர் உளர் என்று அறிய வேண்டின் ஒரு கருவி போதாது. நான்கு கருவிகளைக் குழாயாற் பொருத்துதல் வேண்டும்.

கட் -டி, -எஃப்3 பதிவு | சோட் | யூனிக் -சி | சோட் -ஆர்என்

கட் என்பது காற்புள்ளியை எல்லையாகக் கொண்டு மூன்றாம் கூற்றை மாத்திரம் வெட்டித் தரும். சோட் ஊர்ப்பெயர்களை வரிசைப்படுத்தும். யூனிக் ஒரே வகையான வரிகளை ஒன்றாக்கி, -சி என்னும் தெரிவால் அவை எத்தனை என எண்ணித் தரும். இறுதியில் நிற்கும் சோட் தொகை மிகுந்ததை முன்வைத்து ஒழுங்குசெய்யும். யூனிக் அடுத்தடுத்து நிற்கும் வரிகளையே ஒப்புநோக்கும். ஆதலால் அதற்கு முன் வரிசைப்படுத்தல் இன்றியமையாதது. இம்முறை மாறின் விடை பிழைக்கும். பிழைத்தது என்று கணினி சொல்லவும் மாட்டாது.

பல கூறுகளையும் ஒருங்கே சோதிக்க வேண்டின் ஓக் உதவும்.

ஓக் -எஃப், '$1 < 1960 && $3 == "கொழும்பு"' பதிவு

முதற்கூறு 1960 இற்குக் குறைந்ததாயும் மூன்றாங்கூறு கொழும்பாயும் உள்ள வரிகளைத் தருக என்பது இதன் பொருள். இங்கே எஃப் என்பதைப் பேரெழுத்தாகத் தட்டல் வேண்டும். எமது சிறு பதிவில் 1954 ஆம் ஆண்டுக்குரிய வரி ஒன்றே வரும்.

இவையனைத்தும் வடித்தற்றொழிலின் பாற்படும். வடிக்கும்போது மூலக்கோப்பு மாறுவதில்லை. வேண்டுவன திரையிற் தோன்றும், அவ்வளவே. ஆகவே மாணவர் அஞ்சாது எத்தனை முறையும் முயலலாம். அச்சம் வேண்டுவது திருத்தும்போதுதான். ஆயினும் வடித்தலிலும் ஓர் ஏமாற்றம் உண்டு என்பதை எமது பதிவேடே எமக்குக் கற்பித்தது.

எழுத்தும் குறியும்

கொழும்பில் நடைபெறவிருந்த ஒன்றுகூடலுக்கு அழைப்பனுப்பும் பொருட்டு, முற்கூறிய கிறெப் கட்டளையால் அவ்வூரவர் பெயர்களை வடித்தெடுத்தோம். அழைப்புக்களும் சென்றன. சில நாள் கழித்து ஐம்பதுகளிற் கற்ற பெரியார் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "எங்களை மறந்துவிட்டீர்களோ, தம்பி?" என்று கேட்டார். அவர் பெயர் பதிவேட்டில் இருந்தது; ஊரும் கொழும்பென்றே இருந்தது. எனினும் கிறெப் அவரைக் காட்டவில்லை.

வெட்கமுற்று, மேலே கூறிய குழாய்வழியால் ஊர்ப்பெயர்களை எண்ணிப் பார்த்தோம். கொழும்பு என்னும் பெயர் இரண்டிடத்தில், வெவ்வேறு தொகையோடு நின்றது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கோ அவை இரண்டு சொற்கள். இதன் காரணத்தைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும்.

எம் இலக்கணத்தார் கண்ட எழுத்து 247. கணினிகளின் பொதுக் குறிமுறையாகிய யூனிகோட் அவற்றை ஒவ்வொன்றாகக் கொள்ளவில்லை. அதன் தமிழ்ப் பகுதி 2944 முதல் 3071 வரையான 128 இடங்களைக் கொண்டது. அவற்றுட் பல இன்னும் வெற்றிடமாகவே உள்ளன. உயிரும், அகரமேறிய மெய்யும், புள்ளியும், கால் கொம்பு முதலிய உயிர்க்குறிகளும் தனித்தனி எண் பெறும். ஆகவே தமிழ் என்னும் சொல் எமக்கு மூன்றெழுத்து; யூனிகோட்டில் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறி. அக்குறிகளைக் கோப்பிலே பைட்டுக்களாக எழுதும் முறைக்கு யூ-ரி-எஃப் 8 என்று பெயர். அதிலே தமிழ்க்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுப் பெறுதலால் அச்சொல் 15 பைட்டாகின்றது. இம்முறையை 1992 இல் வகுத்தவர் றொப் பைக் என்பாரும், கிறெப்பை ஆக்கிய அதே கென் தொம்சனுமாவர். அவர் இரண்டாம் முறையும் எமக்கு உதவியிருக்கின்றார்.

இவ்வேற்றுமையால் விளைவன சில உள. தேடற்கோலத்தின் புள்ளி ஓர் எழுத்துக்கன்று, ஒரு குறிக்கே ஈடாகும். கு என்பதற்கு இரண்டு புள்ளி வேண்டும். எண்ணும் கருவியாகிய டபிள்யூ-சி, -எம் என்னும் தெரிவால் குறிகளையும், -சி என்னும் தெரிவால் பைட்டுக்களையும், -எல் என்னும் தெரிவால் வரிகளையும் எண்ணும். தமிழ் எழுத்தை எண்ணும் தெரிவு அதற்கில்லை. ரி-ஆர் என்னும் கருவியோ பைட்டுக்களையே நோக்குவது. ஆதலின் தமிழெழுத்தை மாற்றுதற்கு அதனை நம்புதலாகாது.

இனிக் கொழும்பு இரண்டான காரணத்துக்கு வருவோம். ஒகரக்குறிக்கு யூனிகோட்டில் 3018 என்னும் தனியெண் உண்டு. அதனையே எகரக்கொம்பு 3014, கால் 3006 என இரண்டாகவும் எழுதலாம். அச்சில் இரண்டும் ஒரே தோற்றம். ஓகாரமும் ஔகாரமும் அவ்வாறே இரு வகையால் எழுதப்படுவன. இவை தம்முள் சமமானவை என யூனிகோட் நியமமே கூறும். ஆயின் கிறெப் அதனைக் கருதாது. எமது பதிவேட்டின் ஒரு பகுதி பழைய பாமினி எழுத்துருவில் இருந்தது. அவ்வெழுத்துரு ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்து அமைந்தது. அதனை யூனிகோட்டுக்கு மாற்றிய நிரல் கொம்பையும் காலையும் பிரித்தே எழுதியிருந்தது. பெரியாரை மறந்தவர் யார் என்று கேட்பின், கணினியன்று. அவ்விரு பகுதிகளையும் ஒத்துநோக்காது இணைத்த நாமே.

தீர்வு எளிது. வடிப்பதற்கு முன்னர்க் கோப்பு முழுவதையும் ஒரே வடிவத்துக்குக் கொணர்தல் வேண்டும். யூ-கொன்வ் என்னும் கருவி இதனைச் செய்யும். செட்டாலும் கொம்பும் காலும் சேர்ந்த இணையை ஒகரக்குறியாக மாற்றலாம். ஆயின் இம்மாற்றத்தையும் எல்லை கடந்து செய்தலாகாது. கௌரவம் என்பதனைச் சிலர் எகரக்கொம்பும் ளகரமும் இட்டு எழுதியிருப்பர். அதனைத் திருத்த எண்ணிக் கெள என வருமிடமெல்லாம் கௌ என மாற்றின், கௌரவம் சீர்ப்படும். கெளிறு என்னும் மீன் சிதைந்துபோம்.

திருத்தல்

செட் என்னும் கருவி வரிகளை ஒவ்வொன்றாகப் படித்து, நாம் சொன்ன திருத்தத்தைச் செய்து, திரைக்கு அனுப்பும். '/^$/டி' என்பது வெற்று வரிகளை நீக்கும். -என் என்னும் தெரிவோடு '10,20பி' என்பது பத்தாம் வரி முதல் இருபதாம் வரி வரை மாத்திரம் காட்டும். இவற்றினும் மிகப் பயின்று வருவது ஒன்றை மற்றொன்றாக மாற்றும் எஸ் என்னும் ஏவலாகும். அதன்பின் சாய்கோடிட்டுப் பழையதும், சாய்கோடிட்டுப் புதியதும் எழுதி, வரியில் வருமிடமெல்லாம் மாற்றுக என்பதற்கு ஈற்றில் ஜி என்று இடல் வேண்டும்.

மலருக்கென வந்த நினைவுக் கட்டுரையொன்றில் யாழ்ப்பாணம் என்னும் பெயர் பலவிடங்களில் யாழ். எனச் சுருக்கி எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் இன்றில்லை. அவர் நோட்டுப்புத்தகத்திலிருந்து பேர்த்தியார் தட்டச்சுச் செய்து அனுப்பிய கோப்பு அது. சுருக்கங்களை விரிக்க எண்ணி நாம் இட்ட கட்டளை பின்வருவது.

செட் -ஐ 'எஸ்/யாழ்./யாழ்ப்பாணம்/ஜி' கட்டுரை

இதிலே இரு பிழைகள் உள. முதலாவது, யாழ் என்பதன் பின் நின்ற புள்ளி. நாம் கருதியது முற்றுப்புள்ளி; செட் கொண்டது யாதேனும் ஒரு குறி. ஆகவே முன்னரே முழுமையாய் நின்ற யாழ்ப்பாணம் என்னும் சொல்லிலும் யாழ் என்பதும் அடுத்து நின்ற பகரமும் அகப்பட்டன. அவற்றின் இடத்தில் முழுப்பெயர் புகுந்து, எஞ்சிய பகுதி வாலாய்த் தொங்கியது. அப்பெரியார் முதன்முதற் கொழும்புக்குச் சென்ற யாழ்தேவியும் தகரத்தை இழந்து உருத்தெரியாது போயிற்று. யாழ் நகர் என்பது இடைவெளி இழந்து யாழ்ப்பாணம்நகர் ஆயிற்று.

இரண்டாவது பிழை முதலாவதினும் கொடியது. -ஐ என்னும் தெரிவு, திருத்தத்தைத் திரைக்கு அனுப்பாது மூலக்கோப்பிலேயே எழுதிவிடும். மீட்டெடுக்கப் பிரதி வைத்திலோம். அன்று எம்மைக் காத்தது எமது திறமையன்று. பேர்த்தியார் தம் கைவசம் வைத்திருந்த அச்சுப்பிரதியே. அதனை வாங்கி வரி வரியாக ஒப்பிட்டுத் திருத்தினோம். சில நொடியிற் கெடுத்ததைச் சீராக்க மூன்று இரவுகள் சென்றன.

செய்திருக்க வேண்டியது யாது? திருத்தற்கு முன் அதே கோலத்தைக் கிறெப்பிடம் கொடுத்து, அது எவற்றைப் பிடிக்கின்றது என்று பார்த்திருத்தல் வேண்டும்.

கிறெப் -ஓ 'யாழ்.' கட்டுரை | சோட் | யூனிக் -சி

-ஓ என்னும் தெரிவு வரி முழுவதையும் காட்டாது, கோலத்திற் பொருந்திய பகுதியை மாத்திரம் காட்டும். இக்கட்டளையை இட்டிருப்பின் யாழ் என்பதன் பின் முற்றுப்புள்ளி வந்தவை இத்தனை, பகரம் வந்தவை இத்தனை, தகரம் வந்தவை இத்தனை, இடைவெளி வந்தவை இத்தனை என நான்கு வரியில் உண்மை வெளிப்பட்டிருக்கும். அதனைக் கண்ட எவரும் புள்ளியின் முன் பின்சாய்கோடிட்டு, யாழ்\. என எழுதியிருப்பர். முற்றுப்புள்ளியைத் தவிர வேறொன்றும் பொருந்தலாகாது என்பது அச்சாய்கோட்டின் பொருள்.

நான்கு விதிகள்

இவ்வனுபவத்தால் நாம் எமக்கென வகுத்துக்கொண்ட விதிகள் நான்கு.

முதலாவது: மூலத்தைத் தொடாதே. சீ-பீ என்னும் கட்டளையாற் பிரதி ஒன்று எடுத்து வைத்த பின்னரே வேலையைத் தொடங்குக. திருத்தியதை > என்னும் குறியால் வேறு பெயருடைய கோப்புக்கு அனுப்புக. படிக்கும் கோப்பின் பெயரையே அக்குறியின் பின்னும் எழுதுதல் பெருங்கேடு. சோட் பதிவு > பதிவு என்று இடின், சோட் படிக்கத் தொடங்குமுன்னரே கோப்பு வெறுமையாக்கப்படும். வரிசைப்படுத்த ஒன்றும் எஞ்சாது. -ஐ என்னும் தெரிவைப் பயன்படுத்தியே ஆகவேண்டின் -ஐ.மூலம் என எழுதுக. பழைய கோப்பு மூலம் என்னும் ஈற்றோடு காக்கப்படும்.

இரண்டாவது: முதலில் வடி, பின்பு திருத்து. எக்கோலத்தைக் கொண்டு திருத்தப் போகின்றாயோ அக்கோலத்தைக் கொண்டே முன்னர்த் தேடிப் பார்.

மூன்றாவது: எண்ணிப் பார். திருத்தற்கு முன்னும் பின்னும் டபிள்யூ-சி -எல் என்பதால் வரிகளை எண்ணுக. சொல்லை மாற்றும் திருத்தத்தில் வரித்தொகை மாறலாகாது; மாறின் எங்கோ பிழையுண்டு.

நான்காவது: ஒப்பிட்டுப் பார். டிஃப் என்னும் கருவி பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒப்பிட்டு, வேறுபட்ட வரிகளை மாத்திரம் காட்டும். பழைய வரியின் முன் < என்னும் குறியும் புதிய வரியின் முன் > என்னும் குறியும் நிற்கும். அவற்றை ஒவ்வொன்றாகப் படித்த பின்னரே திருத்தம் முற்றிற்று எனக் கொள்க.

இவ்விதிகள் கணினியோடு தோன்றியவை அல்ல. 1887 ஆம் ஆண்டிலே சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையரவர்கள் சீவகசிந்தாமணியையும் அச்சேற்றி வெளியிட்டனர். ஏட்டுப் பிரதிகள் பலவற்றைத் தேடித் தொகுத்தல், அவற்றை ஒப்புநோக்கல், பாடபேதங்களை ஆராய்தல், ஐயத்துக்கிடமானதைத் துணிந்து அழியாமை என்பனவே பதிப்பாசிரியர் போற்றிய நெறி. டிஃப் காட்டுவதும் பாடபேதமே. எது மூலபாடம் எனத் தெளிவது படிப்போன் கடமை. ஏடு திருத்துவோன் கையிற் பிடித்த எழுத்தாணி ஒருமுறைக்கு ஓரிடத்தையே கெடுக்க வல்லது. நாம் கையிற் பிடித்துள்ள கருவியோ ஒருமுறைக்கு ஆயிரம் இடங்களைக் கெடுக்க வல்லது. ஆகவே முன்னோரினும் எமக்கு அவதானம் மிகுதியாய் வேண்டும்.

ஒற்றைப் பிரதியாய் இருந்தவை அழிந்தபோது நேர்ந்த இழப்பு யாதென்பதை எம்மவர்க்குப் பிறர் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. அவற்றுள் வேறெங்கும் இல்லாதனவும் இருந்தன. இன்று 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகமும் தமிழ் நூல்களைக் கணினிவழிப் பேணி வருகின்றன. இத்தகைய பணியிற் கைகொடுக்க விரும்பும் மாணவர், நூலைக் கணினியில் ஏற்றுதலோடு அமையாது, ஏற்றியதைக் கெடாது திருத்தவும் பயிலுதல் வேண்டும். தீயிட்டு அழிப்பவரால் மாத்திரமன்றி, அன்போடு திருத்த வந்தவர் அவசரத்தாலும் நூல் அழியும் என்பதை எமது மூன்று இரவுகள் எமக்கு உணர்த்தின.

பழைய மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள். உம்மிடமுள்ள பள்ளிக்கால நினைவுகளையும், பழைய மலர்களின் பக்கங்களையும், வகுப்புப் பட்டியல்களையும் வரிக்கு ஒரு செய்தியாக எளிய எழுத்துக்கோப்பிலே எழுதி வைப்பீராக. அழகிய அலங்காரம் வேண்டா. எளிய கோப்பே நெடுங்காலம் படிக்கப்படும். ஒரு பிரதியை வீட்டிலும், மற்றொன்றை நம்பிக்கைக்குரிய வேறிடத்திலும் வைப்பீராக. அவற்றைத் தொகுத்து வடிக்கும் வேலையை இளையோர் மேற்கொள்வர்.

தொலைபேசியில் எம்மைக் கடிந்துகொண்ட பெரியார் ஒன்றுகூடலுக்கு வந்திருந்தார். திருத்திய பட்டியலை அவரிடம் காட்டினோம். கண்ணாடியை உயர்த்தித் தம் பெயரை விரலாற் தொட்டுப் பார்த்து, அடுத்து நின்ற பெயர்களையும் ஒவ்வொன்றாகப் படித்து, "இவனும் இருக்கிறானோ!" என்று மகிழ்ந்தார். ஒரு வரி விடுபடின் ஒருவர் விடுபடுகின்றார் என்பதை நெஞ்சிற் கொண்டு, இக்கருவிகளைப் பொறுமையோடு கையாளுமாறு எம் இளைய மாணவரைக் கேட்டுக்கொள்கின்றோம்.